நான் குடுக்காத ரத்தம்

இன்னைக்கு ஆஸ்பத்திரியில மூட்டுவாதத்துக்கு மருந்து ஏத்திக்கிட்டேன். ட்ரிப்ஸ் மாதிரி மெதுவா இறங்குச்சு. முடிஞ்சதும் சுங்குவார்சத்திரத்துல செகண்ட் ஷிப்ட் கம்பெனி பஸ் ஏறிட்டேன்.

கையில இருந்த பிளாஸ்திரியைப் பார்த்துட்டு எங்க லைன் சூப்பர்வைசர், "இன்னாம்மா, பிளட் குடுத்தியா?"ன்னார்.

மூட்டுவாதத்துல விரல் மடங்கலைன்னு தெரிஞ்சா அசெம்பிளி லைன்ல இருந்து தூக்கிடுவாங்க. "ஆமா சார்"னேன்.

"பாருங்கப்பா, நம்ம லைன் பொண்ணு!"ன்னு பஸ்ஸுக்கே சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு ஒண்ணும் தோணலை. ஜன்னல் சீட்டு குடுத்தாங்க, உக்காந்தேன்.

பக்கத்துல இருந்த அக்கா, "குடிம்மா, தெம்பு வரும்"னு ஜூஸ் பாட்டிலை நீட்டினாங்க.

மூடியைத் திறக்க முடியலை. அப்படியே மடியில வச்சுக்கிட்டேன்.

கம்பெனியில அடுத்து நடக்கிற ரத்ததான முகாம்ல முதல் பேரே என்னோடதாம், சூப்பர்வைசர் சொல்லிட்டார். அதுக்கு என்ன பொய் சொல்றது மக்களே?