இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் திறக்கும்

அந்தமானில், மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் குவார்ட்டர்ஸில் என்னோடு இன்னொருத்தி இருந்தாள். அவளும் நர்ஸ், என்னைவிட ஆறு வயது இளையவள். நான் தூத்துக்குடி, அவள் நாகர்கோவில் பக்கம். கல்யாணமானதும் மாற்றல் வாங்கிக்கொண்டு போர்ட் பிளேயருக்குப் போனாள். அங்கே சிப்பிகாட் என்கிற இடத்தில் வீடு. முதலில் தினமும் போனில் பேசினோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் நான் கூப்பிட்டால் மட்டும்.

மெயின்லாண்டிலிருந்து ஒரு பாடகி போர்ட் பிளேயருக்கு வந்து பாடப் போகிறார் என்று தெரிந்ததும் நான் யோசிக்கவே இல்லை, போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் பாட்டை ஓடவிட்டுத்தான் நாங்கள் லீவு நாளில் துணி துவைப்போம். எடுத்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

"அய்யோ, அவங்களா வாராங்க! சூப்பர்க்கா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "டிக்கெட் கைக்கு வரட்டும்க்கா, பாத்துட்டு லீவு சொல்லுதேன்" என்றாள்.

டிக்கெட் கைக்கு வரவில்லை. இடம் உறுதி என்று செய்தி வந்திருந்தது. ஆனால் ஆப்பைத் திறந்தால் டிக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டமும் நடுவில் பூட்டுப் படமும்தான். நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் திறக்கும் என்று கீழே போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெங்காலிப் பெண்ணிடம் காட்டினேன். "பிளாக் மே பேச்தே ஹை நா, தீதி" என்று சிரித்தாள். முன்கூட்டியே கொடுத்தால் மொத்தமாக வாங்கி இரட்டை விலைக்குக் கைமாற்றுகிறார்களாம். கடைசி நேரத்தில் திறந்தால் விற்க அவகாசம் இருக்காதாம். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அடுத்த ஐந்து வாரமும் அந்தப் பூட்டுக்கு நான்தான் பதில் சொன்னேன்.

"வந்துட்டாக்கா?"

"அன்னைக்குத்தான் தெறக்குமாம்ட்டி. சீட்டு நம்மளுதுதான். நீ லீவு சொல்லிரு."

"வரட்டும்க்கா. வந்ததும் சொல்லுங்க."

ஒவ்வொரு தடவையும் இதேதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வருகிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். லேப்பில் இருக்கும் தெலுங்குக்காரியைக் கேட்டிருந்தால் துள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பாள். நான் கேட்கவில்லை. இரண்டாவது சீட்டை இவளுடையதாகத்தான் நினைத்து வைத்திருந்தேன்.

நிகழ்ச்சி அன்று விடியும் முன்பே பஸ் ஏறினேன். காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்காகக் காத்து நின்று, பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, போய்ச் சேர பத்து மணி நேரம். வழியில் பாதி தூரத்துக்கு நெட்வொர்க் கிடையாது. கிடைக்கிற இடத்திலெல்லாம் ஆப்பைத் திறந்து பார்த்தேன். இன்னும் பூட்டுதான் என்று தெரிந்தும் பார்த்தேன். அவளுக்காக எடுத்துவந்த நெத்திலிக் கருவாடு மூன்று பாலிதீன் பையைத் தாண்டியும் மணத்தது. பக்கத்து சீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மைதானத்து மதிலோரம் நின்றிருந்தபோது பூட்டு மறைந்தது. இரண்டு டிக்கெட், இரண்டிலும் நொடிக்கொரு முறை மாறும் புள்ளிக் கட்டம். உடனே போன் செய்தேன்.

"வந்துட்டுட்டி! நீ நேரா கேட்டுக்கு வா. ரெண்டும் என் போன்லதான் இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பினா செல்லாதாம். சேந்துதான் உள்ள போகணும்."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அக்கா... வீட்டுல விருந்தாளி வந்துருக்காங்க. அவரு வழிச் சொந்தம். திடீர்னு வந்துட்டாங்க."

"ஆட்டோல வந்தா அரை மணி நேரம்தானட்டி?"

"எப்படிக்கா விட்டுட்டு வர? நீங்க பாருங்க. வீடியோ எடுத்து அனுப்புங்க, என்ன?"

ராத்திரி எங்கே தங்குவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவள் வீட்டில்தான் என்று நினைத்து நான் கிளம்பி வந்திருந்தேன்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் சிலர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சீட்டு வீணாகப் போக வேண்டாமே என்று ஒருவரிடம் போய், ஒரு டிக்கெட் இருக்கிறது, பைசா வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலகிப் போனார். அடுத்த ஆளிடம் வாயைத் திறப்பதற்குள் செக்யூரிட்டி வந்துவிட்டார்.

"மேடம், யஹா பிளாக் நஹி சலேகா." இங்கே பிளாக்கில் விற்கக் கூடாதாம்.

"விக்கல பையா. ஃப்ரீ மே தே ரஹி ஹூ."

"ஃப்ரீ மே கோன் தேதா ஹை?"

சும்மா யார் கொடுப்பார்கள் என்று அவர் கேட்டது சுற்றி நின்றவர்கள் காதிலும் விழுந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், கருவாட்டுப் பையோடு, பிளாக் டிக்கெட்காரி போல நடுத்தெருவில் நின்றேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அருகில் வந்தாள். ஊருக்கு வெளியே வண்டூரில் டீக்கடை வைத்திருக்கிறாளாம், தமிழ்தான். "எங்க ஆளுங்க நாலு பேரு உள்ள இருக்காங்க. எனக்கு மட்டும் டிக்கெட் கெடைக்கல. நெசமாவே சும்மாவா?" என்றாள்.

"சும்மாதான். ஆனா என்கூடத்தான் வரணும்."

"அதுக்கென்ன, வாங்க."

இருபது நிமிடம் வரிசையில் நின்றோம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள், இல்லை என்றேன். கடையில் சமோசாதான் அதிகம் ஓடும் என்று சொன்னாள். கூட்டம் தள்ளியபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்கு வேண்டியிருந்தது. போனை இரண்டு தடவை ஸ்கேன் செய்து இருவரையும் உள்ளே விட்டார்கள். உள்ளே போனதும், "அந்தா இருக்காங்க!" என்று கத்தினாள். என்னைக் கட்டிப்பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த அம்மா நன்றாகத்தான் பாடினார். சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோ எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜில் தங்கிவிட்டு, காலையில் ஆட்டோ பிடித்துச் சிப்பிகாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். விருந்தாளி யாரையும் காணோம். கருவாட்டைக் கொடுத்தேன்.

"விருந்தாளிங்க கெளம்பிட்டாங்களா?"

"யாரும் வரலக்கா" என்றாள். தலை குனிந்திருந்தது. "நீங்க மொதல்ல கூப்பிட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். டிக்கெட் வரட்டும்னு சொல்லிட்டே இருந்தது லேசா இருந்துச்சு."

"என்கூட வரப் பிடிக்கலையா?"

"பிடிக்காம இல்லக்கா. நீங்க வந்தா குவார்ட்டர்ஸ் கதையேதான் பேசுவீங்க. எனக்கு இப்ப இங்கன வேற வாழ்க்கை. அதை நீங்க ஒரு நாள்கூடக் கேட்டது இல்ல."

அது உண்மைதான். அவள் மாமியாருக்கு ஆப்பரேஷன் ஆனதுகூட அவள் சொல்லி எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். என்னை ஆட்டோ ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தாள்.

இப்போது எப்போதாவது அவளே கூப்பிடுகிறாள். மாமியார் நடக்கிறாரா என்று நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் நான் கூப்பிட்டபோது, "இப்ப பேச முடியாதுக்கா" என்று நேராகவே சொன்னாள். சரிட்டி என்று வைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.