உறுமி கேட்காத பாட்டு

மில் கேட்டைத் தாண்டியதும் மாரிசெல்வம் செய்கிற முதல் காரியம், காதுகளில் இருந்து பஞ்சை எடுப்பது. இடது காது முதலில். சுண்டுவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பி, இரண்டு விரலால் பிடித்து, திருகாமல் நேராக இழுப்பான். பிறகு வலது காது. இரண்டு உருண்டைகளையும் பழைய தைல டப்பியில் போட்டு மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பான். காற்று, சைக்கிள் செயின், டீக்கடையில் ஆற்றுகிற டீ என்று உலகம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஹாரனுக்குத் தள்ளி, பின்பக்கமாக உட்காருவான். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேருகிற வரை யாரிடமும் வாய் திறக்கமாட்டான்.

"ஏலே, காதுக்குப் பத்தியமா?" என்று கூட வேலை பார்க்கிற பொன்னுராஜ் கேட்பான்.

பத்தியம்தான். ஸ்பின்னிங்கில் ஃபிட்டர் வேலை. எட்டு மணி நேர இரைச்சலுக்குப் பிறகு மீதமிருக்கிற காதை வைத்துக்கொண்டுதான் அவன் வீட்டு மாடியறையில் பாட்டு மிக்ஸிங் செய்தான். பாடுகிறவர் குரல், மேளம், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிவானதை ஒன்றுக்கு ஒன்று இடம் விட்டு உட்கார வைக்கிற வேலை. முப்பத்தொரு வயதில் நான்கு கோயில் பாட்டுகளும் ஒரு கட்சிப் பாட்டும் முடித்திருந்தான். எல்லாம் இயர்போனில் கேட்டுச் செய்தவை.

ஆறாவதாக வந்தது பாண்டீஸ்வரியின் பாட்டு. பொன்னுராஜின் ஊர்க்காரி, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவள். ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மன் மேல் அவளே கட்டிய பாட்டு. உறுமி வாசித்தது அவளுடைய அப்பா சமுத்திரம். செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு மாந்தோப்பில் உட்கார வைத்து, காக்கா கத்தாத நேரமாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பொங்கலன்று மைக்செட்டில் போடுகிற முதல் பாட்டு இதுதான் என்று விழாக் கமிட்டியில் இருந்த பொன்னுராஜ் சொல்லிவிட்டான். சமுத்திரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என் கொட்டு நல்லா கேக்கணும் தம்பி. அம்புட்டுத்தான்."

இந்தப் பாட்டுக்காகத்தான் ஸ்டுடியோ மானிட்டர் வாங்கப் போனான். மானிட்டர் என்பது பாட்டை அழகாக்கிக் காட்டாத ஸ்பீக்கர். குறை இருந்தால் குறையாகவே சொல்லும். எது வாங்கலாம் என்று ஆறு மாதம் வீடியோ பார்த்து, மில் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். பத்துக்கு எட்டு அறைக்கு ஐந்து இன்ச் தாராளம். எட்டு இன்ச் வைத்தால் அறை தாங்காது; பேஸ் என்கிற அடிச்சத்தம் இருப்பதை விடப் பெரிதாகக் கேட்கும். எதுவானாலும் சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மதுரையில் கடைக்காரர் ஐந்து இன்ச் ஜோடியில் அவனுடைய பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாடகர் மூச்சு இழுப்பதும், அவன் ஒட்டுப் போட்ட இடங்களும் அப்படியே வெளியே தெரிந்தன. சரியான ஸ்பீக்கர் என்று அப்போதே தெரிந்தது. கூட வந்திருந்த பொன்னுராஜ் அதைத் தட்டிப் பார்த்தான்.

"என்னலே இது, கல்யாண வீட்டுல குடுக்குற டிபன் பாக்ஸு மாதிரி இருக்கு? இதத் தூக்கிக்கிட்டு எங்கூரு வழியா நடந்துராத."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாரிசெல்வத்துக்குக் காது மடல் சுட்டது. மேல் தட்டில் எட்டு இன்ச் ஜோடி ஒன்று இருந்தது. ஒருவர் வைத்திருந்து விற்றது, அதனால் விலை இதற்குப் பக்கத்திலேயே வந்தது. கையைக் காட்டினான்.

"ரூம் எம்புட்டுப் பெருசு தம்பி?" என்றார் கடைக்காரர்.

"பெருசுதான் சார்."

மாடியறையில் அம்மாவின் இரும்பு பீரோ, அரிசி டிரம், மூட்டை கட்டிய துணிமணி. ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலைக்கு ஒன்றாகச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. உறுமி ட்ராக்கைப் போட்டதும் பீரோக் கதவு கடகடவென்று ஆடியது. உறுமியில் அடிச்சத்தம் ஜாஸ்தி என்று நினைத்துக் குறைத்தான். இன்னும் ஆடியது. இன்னும் குறைத்தான். பீரோ ஆடாமல் நின்றபோது மிக்ஸிங் முடிந்தது என்று முடிவு செய்தான்.

பொங்கலன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊரே நின்றது. அந்த ஊருக்கு எப்போதும் செட்டுப் போடுகிற பால்பாண்டி, வேப்பமரத்தடியில் பெட்டிகளை அடுக்கிவிட்டு மாரிசெல்வத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாட்டு ஆரம்பித்தது. பாண்டீஸ்வரியின் குரல் கணீரென்று எழுந்தது. சமுத்திரம் புது வேட்டியில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தன் கொட்டு வருகிற இடத்துக்காகக் காத்து நின்றார்.

அந்த இடம் வந்தது. தகர டப்பாவில் குச்சி தட்டுகிற மாதிரி ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

"என்ன சமுத்திரம், உறுமிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டீரா?"

"இல்லலே, பசி மயக்கத்துல வாசிச்சிருக்காரு!"

சிரிப்பு பரவியது. சமுத்திரம் சிரிக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, வேட்டியைச் சரி செய்கிறவர் மாதிரி எதையோ செய்தார். பிறகு திரும்பி மாரிசெல்வத்தைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

அந்தப் பார்வையை எங்கேயாவது இறக்கி வைத்துவிட வேண்டும் போல இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"செட்டு சரியில்ல அண்ணாச்சி. வீட்டுல நல்லா கேட்டுச்சு."

மெதுவாகத்தான் சொன்னான். பொன்னுராஜ் காதில் விழுந்துவிட்டது.

"என்ன பால்பாண்டியண்ணே, இம்புட்டுப் பெரிய பாக்ஸ அழகுக்கா அடுக்கியிருக்கீரு? ஒரு உறுமியக் கேக்க வைக்க முடியல?"

பால்பாண்டி மாரிசெல்வத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து குமிழ்களைத் திருகத் தொடங்கினார். மறுநாள் காலை, வழக்கம்போல மேளக்காரர்கள், பூசாரி, கரகக்காரர் எல்லாருக்கும் கோயிலில் மரியாதையாகத் தலையில் துண்டு கட்டினார்கள். செட்டுக்காரருக்குக் கட்டவில்லை.

வீட்டுக்கு வந்த மாரிசெல்வம் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஸ்பீக்கர்களை அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டு, அதே பாட்டைப் போட்டான். குரல் கணீரென்று வந்தது. உறுமி இல்லை. ஊர் முன்னால் கேட்ட அதே தகர டப்பா. தரையில் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் சமுத்திரம் வேட்டியைச் சரி செய்தார்.

பாட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு தளவாய்புரம் போனான். தையல் கூடத்து வாசலில் வைத்துப் பாண்டீஸ்வரி அதைப் போனில் போட்டுக் கேட்டாள். உறுமி வந்ததும் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"அன்னைக்குச் செட்டு சரியில்லன்னீங்களே அண்ணே?"

"செட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கொட்டக் கொறச்சுட்டேன். அப்பாகிட்ட சொல்லிருங்க."

"அப்பாகிட்ட நான் சொல்லுதேன். பால்பாண்டி மாமாகிட்ட யாரு சொல்லுவா?"

பால்பாண்டி வீட்டில் இல்லை. அவருடைய மனைவி செல்லத்தாய் வாசலில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாரிசெல்வத்துக்கு நாக்கு மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்த மகராசன் நீங்கதானா? பதினாறு வருசமாத் துண்டு கட்டுன கோயிலு. அவிய அன்னைக்குப் பூராச் சோறு திங்கல. ஊரு முன்னாடி சொன்னத இப்ப வீட்டு வாசல்ல வந்து சொல்லுதீகளாக்கும்?"

பொங்கல் முடிந்த எட்டாம் நாள் பூசைக்குப் போனான். பஸ்ஸிலேயே இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தான். கோயில் முன்னால் பொன்னுராஜிடம் மைக்கைக் கேட்டபோது, பாட்டுப் பாடப் போகிறான் என்று எண்ணி அவன் கைதட்டினான். பால்பாண்டி செட்டுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்தார். மாரிசெல்வம் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பொங்கலுக்கு உறுமி கேக்காமப் போனது செட்டால இல்ல. நான் செஞ்ச தப்பு. செட்டு மேல பழியப் போட்டதும் நான்தான்."

ஸ்பீக்கர் கொரகொரத்தது. பால்பாண்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"மைக்கத் தள்ளிப் பிடிங்க தம்பி, பாக்ஸு கிழியுது! பொறவு அதுக்கும் என்னையத்தான் சொல்லுவீக."

ஊர் சிரித்தது. பொன்னுராஜ் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று மாரிசெல்வத்துக்குத் தோன்றவில்லை. மைக்கைக் கீழே வைக்கவும் இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பூசாரி ஒரு துண்டு எடுத்து வரச் சொன்னார். அது ஒரு வாரம் தாமதமான துண்டு. பால்பாண்டி தலையைக் கொடுத்துக் கட்டிக்கொண்டார். கட்டியதும் அவிழ்த்து மடித்து ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டார். திருத்திய பாட்டைப் போட்டார்கள். உறுமி உறுமியது. சமுத்திரம் அன்றைக்கு வரவில்லை.

சித்திரை பாதியில் பாண்டீஸ்வரி போன் செய்தபோதுதான் இது தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின நாளே பால்பாண்டி பாட்டு இருந்த பென் டிரைவை வாங்கித் தன் வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறார். உறுமி கேட்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு சேத்தூர் போயிருக்கிறார். வேப்பமரத்தடியில் அன்று நின்ற இரண்டு பெரிய பாக்ஸும் அவருடையவை அல்ல. இருக்கிற கொஞ்சநஞ்ச கொட்டாவது வெளியே வரட்டும், பாவம் புதுப் பய, ஊரு முன்னாடி அசிங்கப்பட்டுறக் கூடாது என்று செல்லத்தாயிடம் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டுக்காகவே இன்னொரு செட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தவை.