மிக்ஸியில் மாட்டாத கை

ஆஸ்பத்திரியில் தனக்கு ஏசி ரூம் என்று கேள்விப்பட்டபோதே மலர்க்கொடிக்கு உறுத்தியது. திருவெறும்பூருக்குப் பக்கத்தில் இரும்புத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தகட்டை அமுக்கி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். வெயில் காலத்தில் ஒரு ஃபேன் மாட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தக் கம்பெனி இப்போது ஏசி ரூம் போடுகிறது என்றால் சும்மாவா?

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டு போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். இல்லாத விரல்கள்தான் அதிகமாக வலித்தன.

மறுநாள் காலை மேனேஜர் ஜேக்கப் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், முகம் நிறைய கவலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"செலவைப் பத்தி நீங்க நினைக்கவே வேணாம்மா. எல்லாம் கம்பெனி பாத்துக்கும். கையில ஒரு தொகையும் குடுக்கச் சொல்லியிருக்காரு முதலாளி. நாளைக்கு யாராவது விசாரிச்சா, வீட்டுல மிக்ஸியில கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. அப்பதான் உங்களுக்கு அலைச்சல் இருக்காது."

அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கை எப்படி அடிபட்டது என்று அவர் கேட்கவே இல்லை. எப்படி அடிபட்டது என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனை எப்போதும் அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் அவள் வலது கை உள்ளே இருக்கும்போதே அச்சு இறங்கியது. அந்த டேப் இப்போதும் அங்கே இருக்குமா? இருக்காது என்றே தோன்றியது.

தொட்டியத்திலிருந்து அண்ணன் மருதை ஓடி வந்தான். தங்கை கையைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதான். ஆனால் மேனேஜர் சொன்னதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்கிக்க மலரு. புருஷன் இல்லாத வீடு. பொம்பளப் புள்ளைய காலேஜ்ல வேற சேத்திருக்க. கோர்ட்டு கச்சேரின்னு அலைய முடியுமா? உன் கணக்குல பேங்க்ல புடிக்கிற விபத்து இன்சூரன்ஸும் இருக்கு. ரெண்டுமா சேந்தா..."

போன தடவை அடித்த காற்றில் அண்ணனுடைய வாழை முழுக்கச் சாய்ந்தது அவளுக்குத் தெரியும். அவன் தங்கையின் கையைப் பார்த்துப் பேசுகிறானா, கைக்கு வரப்போகும் பணத்தைப் பார்த்துப் பேசுகிறானா? அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு வீடு திரும்பிய பிறகு பெலிண்டா வந்தாள். பக்கத்து பிரஸ்காரி. பாலக்கரையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சம்பவம் நடந்தபோது மெயின் ஸ்விட்சை அணைத்தவளும் அவள்தான். அவ்வளவு நெருக்கம் ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்தால் வணக்கம், போனால் வணக்கம், அவ்வளவுதான்.

"அக்கா, இஎஸ்ஐ ஆபீஸுக்கு ஏதாவது போனீங்களா? யாராவது வந்து கேட்டாங்களா?" வந்ததிலிருந்து இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டாள். மகள் அறிவுமதி போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போனது. மலர்க்கொடி பிடி கொடுக்கவில்லை.

"எங்க போறது? இந்தக் கைய வெச்சுக்கிட்டு?"

பெலிண்டா கட்டுப் போட்ட கையையே பார்த்தாள். பிறகு சட்டென்று எழுந்து, "வரேன்க்கா" என்று போய்விட்டாள். மேனேஜர் அனுப்பி வைத்த ஆள் என்று மலர்க்கொடி முடிவு கட்டினாள்.

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு இஎஸ்ஐ ஆபீஸுக்குப் போனாள். மாசாமாசம் சம்பளத்தில் இஎஸ்ஐ என்று தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிப்பது காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தாள். கவுண்டரில் இருந்த சுஜா என்ற அம்மாள் பொறுமையாகச் சொன்னார். வேலை இடத்தில் அடிபட்டால், கை ஆறும் வரைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி வரும். ஆறிய பிறகு மெடிக்கல் போர்டு பார்க்கும். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் சொல்கிறார்களோ அதற்குத் தகுந்தபடி ஆயுசுக்கும் மாசாமாசம் பணம்.

"வீட்டுல அடிபட்டுச்சுன்னா?"

"அது சாதாரண உடம்பு சரியில்லாத லீவு மாதிரிதாங்க. கொஞ்ச நாளைக்கு வரும், நின்னுடும். ஆயுசுக்கெல்லாம் கிடையாது."

ஒரு வார்த்தையில் எவ்வளவு பெரிய விஷயத்தைத் தட்டிப் பறிக்கப் பார்த்திருக்கிறார்கள்! ஆனால் அடுத்த நிமிஷமே இந்த அம்மாள் மேலேயும் சந்தேகம் வந்தது. ஆயுசுக்கும் யாராவது சும்மா பணம் கொடுப்பார்களா?

"இதுக்கு நான் யாருக்கு என்ன குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாங்க. நீங்க கட்டின பணம்தான், கம்பெனியும் கட்டியிருக்கு. ஆனா கம்பெனி ஒத்துக்கலைன்னா விசாரணைக்கு வருவோம். பாத்தவங்க யாராவது சொல்லணும்."

வழியில் பேங்கிலும் விசாரித்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கில் பிடிக்கும் விபத்துக் காப்பீடு, கையோ காலோ கண்ணோ மொத்தமாகப் போனால்தானாம். இரண்டு விரலுக்கு இல்லையாம். அண்ணனுக்குப் போன் போட்டு அதை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை.

வீட்டில்தான் அடிபட்டது என்று எழுதி ஜேக்கப் சார் கொண்டு வந்த பேப்பரில் அவள் கைநாட்டு வைக்கவில்லை. "வீட்டுல அடிபடலைங்க சார்" என்றாள். அன்றோடு ஹார்லிக்ஸ் நின்றது. அப்படி ஒரு விபத்து எங்கள் இடத்தில் நடக்கவே இல்லை என்று கம்பெனி இஎஸ்ஐ ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தது.

விசாரணைக்கு அதிகாரி கம்பெனிக்கு வந்த அன்று அவள் வாசற்படியைத் தாண்டும்போதே பயந்தாள். பிரஸ்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். டேப்பைக் காணோம். வரிசையாக எல்லோரையும் கேட்டார்கள். ஒருவன் அன்றைக்கு லீவு என்றான். இன்னொருத்தி திரும்பி நின்றிருந்தேன் என்றாள். பெலிண்டாவைக் கூப்பிட்டபோது மலர்க்கொடி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான்தான் சார் மெயினை ஆஃப் பண்ணேன்" என்றாள் பெலிண்டா. "அந்த பட்டன்ல டேப் ஒட்டியிருந்துச்சு. என்னுதுலயும் ஒட்டியிருந்துச்சு. நேத்துதான் பிச்சாங்க. பிசின் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டுப் பாருங்க."

அதிகாரி தொட்டுப் பார்த்தார்.

மெடிக்கல் போர்டு முடிந்து, முதல் மாசப் பணம் கணக்கில் ஏறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்க்கொடி பாலக்கரைக்குப் போனாள். பெலிண்டா சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பிரஸ்ஸிலிருந்து அவளை மாற்றி, குடோனில் மூட்டை எண்ணப் போட்டிருந்தார்கள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப உன்னை மேனேஜர்தான் அனுப்பினாருன்னு நினைச்சேன்" என்றாள் மலர்க்கொடி.

பெலிண்டா முக்காட்டை மடித்து வைத்தாள். "அவருதான்க்கா அனுப்பினாரு. நீங்க எங்க போறீங்க, யாரைப் பாக்குறீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. உங்க கையப் பாத்ததும், என் பிரஸ்லயும் அதே டேப்புதானேன்னு தோணிடுச்சு. ஒண்ணும் தெரியலன்னு போய்ச் சொல்லிட்டேன்."

நன்றி சொல்லத்தான் மலர்க்கொடி வந்திருந்தாள். சந்தேகப்பட்டதும் பொய்யாகவில்லை. உள்ளே போன பெலிண்டா இரண்டு தட்டில் இட்லி வைத்துக் கொண்டுவந்தாள். மலர்க்கொடி முந்தானைக்குள் மறைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். பிறகு இடது கையால் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று விரல்களால் பிட்டுச் சாப்பிட்டாள்.