ஐந்தாம் வார்த்தைக்குப் பட்டைக் கம்பி

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அக்காவின் குரல் பாட்டின் நடுவில் உடைந்தபோது, சபை முழுவதும் சேர்ந்து பாடியது. யாரும் சொல்லிவைத்துச் செய்ததல்ல. எங்கள் தேவாலயத்தில் வழக்கம் அப்படி. தனியாகப் பாடுகிறவர் தடுமாறினால் முன்வரிசையில் ஒருவர் பிடித்துக்கொள்வார், பிறகு எல்லாரும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடினாலும் இதுதான், கல்யாணத்தில் மாப்பிள்ளை ஆசைப்பட்டுப் பாடினாலும் இதுதான். அன்றைக்கும் தகரக் கூரை அதிர அத்தனை பேரும் பாடி, பாட்டைக் கரைசேர்த்தார்கள். அக்கா மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று சபை நினைத்தது. தன் குரல் இனி யாருக்கும் வேண்டாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அக்கா என் பெரியப்பா மகள். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிறாள். அந்த வருடத்தின் நடுவில் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறிவிட்டது, திரும்பி வந்திருக்கும் குரல் இதுதான், இதைப் பழகிக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பேசினால் வித்தியாசம் தெரியாது. பாடினால் வேறொருத்தி. ஏ கீ சுருதியில் பாடி, மேலே போய் நின்று திரும்பிப் பார்க்கிறவள், இப்போது ஈ கீக்கு இறங்கியிருந்தாள். அங்கேயும் குரலில் பாதி காற்று.

நான் அதே பாட்டுக் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். வாரநாட்களில் புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு. எதைப் பார்த்தாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனம் பிரித்துவிடும். வேலையில் வந்த பழக்கம். அம்மா அதை வியாதி என்பார்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் தேவாலயத்தில் நண்பகலில் தொடங்கி மூன்று மணி நேரம் ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய பிரசங்கம், ஒரு பாட்டு. ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதற்குரிய பழைய கீர்த்தனையைப் பல வருடங்களாக அக்காதான் பாடிவந்தாள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கியதும் டிரம்ஸ்மேல் ஊதாத் துணியைப் போர்த்திவிடுவோம். பெரிய வெள்ளியன்று கீபோர்டும் கிடையாது. ஆர்மோனியமும் என் பேஸும் மட்டும். பேஸ்கூட வேண்டாம், கரண்டில் ஓடுகிறதே என்று ஒரு சபை மூப்பர் ஆட்சேபித்ததுண்டு. மைக்கும் கரண்டில்தானே ஓடுகிறது என்று ஆர்மோனியம் வாசிக்கும் அங்கிள் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லெந்தின் முதல் வாரத்தில், இந்த முறையும் ஐந்தாம் வார்த்தைக்குப் பாடுவாயா என்று போதகர் அக்காவிடம் கேட்டார். அன்று புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்கப்போன என்னை அவள் பிடித்துவைத்தாள்.

"ஒரு பிராக்டீஸ் வரேன். ஒன்னே ஒன்னு. என் சத்தம் என் காதுக்குக் கேட்டா பாடுறேன். கேக்கலன்னா இனிமே என்னை யாரும் கூப்புடக் கூடாது. நீயுந்தான்."

"மைக் இருக்குல்லக்கா?"

"மைக்க வச்சு என்னாடி பண்றது? காத்தைப் பெருசாக்கிக் காட்டவா?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வயதிலிருந்து பாடுகிறவள். அந்த ஒரு ஒத்திகையோடு அது முடிந்துவிடக்கூடும் என்பது எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் ஒத்திகை ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அக்காவின் குரலுக்கு மேலே ஏதோ ஒன்று கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மின்விசிறி என்று முதலில் நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது புரிந்தது. என் விரல். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது கம்பியை உரசுகிற சத்தம்.

பிறகு மற்றவையும் காதில் விழ ஆரம்பித்தன. உரசல் ஒன்று. கம்பியைத் தட்டியதும் எழும் உலோகச் சிலிர்ப்பு இரண்டு. சுரம் முடிந்த பிறகும் ஓயாமல் நீளும் அதன் வால் மூன்று. பேஸ் என்றால் அடியில் கிடக்கும் கனமான சத்தம் என்றுதான் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த மூன்றும் மேலே, மூச்சும் 'ச'வும் 'த'வும் கேட்கிற உயரத்தில் இருந்தன. அக்காவின் புதுக் குரலில் மீதியிருந்ததெல்லாம் அங்கேதான் இருந்தது.

முதலில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன். கித்தாரின் குமிழைத் திருப்பி மேல்சத்தத்தைக் குறைத்தால் கம்பளிக்குள் வாசிப்பது போல ஆனது. விரல் உரசல் மட்டும் கம்பளியையும் தாண்டி வந்தது. பாட்டுக் குழு ஒத்திகையில், பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கம்பிகளுக்கு அடியில் சொருகிப் பார்த்தேன். வால் அறுந்தது, கூடவே சுரமும் செத்தது.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "என்னா பாப்பா, பாட்டு முடிஞ்சதும் மங்கு கழுவப் போறியா?"

கம்பியையே மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

சாதாரண பேஸ் கம்பியில், நடுவிலிருக்கும் எஃகு இழையைச் சுற்றி உருண்டையான கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். விரலால் தடவினால் சின்னச் சின்ன மேடும் பள்ளமும் தட்டும். கீச்சிடுவது அந்த மேடுகள்தான். இன்னொரு வகையில், உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான பட்டையைச் சுற்றுவார்கள். பக்கத்துப் பக்கம் பட்டைகள் ஒட்டி உட்கார்ந்து, மேற்பரப்பு ஒரே வழுவழுப்பாக இருக்கும். கடையில் அதற்கு ஃப்ளாட்வவுண்ட் என்று பேர். எங்கள் குழுவில் பட்டைக் கம்பி என்றே நின்றுவிட்டது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன்: என்ன உலோகம், எவ்வளவு தடிமன், எவ்வளவு இழுவிசை. அட்டவணைகளை ஒப்பிட்டேன். அடிச்சத்தம்தான் வேண்டும் என்றால் தடித்த கம்பிதான் சரி என்று தோன்றியது. இருப்பதிலேயே தடித்ததை இணையத்தில் வாங்கி மாட்டினேன். கித்தாரின் கழுத்து வில்லாக வளைந்தது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்தப் பார்த்தேன், திருகு அதன் எல்லைக்கே போய் நின்றது. கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றன. அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். உரசலை ஒழிக்கப் போய்ச் சுத்தியலைக் கொண்டுவந்திருந்தேன்.

"இது கித்தாரா, தோட்டத்துக் கம்பி வேலியா?" என்றார் அங்கிள். "மாடு வந்து முட்டுனாலும் அறுகாது லா."

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். இந்த முறை அட்டவணையைப் பார்க்கவில்லை. கடையில் மாட்டியிருந்த பேஸ்களில் பட்டைக் கம்பி போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். அவற்றில் ஒன்றின் கம்பி மெல்லியது, இழுவிசை குறைந்தது. இடதுகை விரலை அதில் வைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி இழுத்தேன். ஈரமான கண்ணாடியில் விரல் போவது போல் போனது. எஃகுப் பட்டையைத் திருகித் திருகி, இணைப்பு எங்கே என்று விரலுக்கே தெரியாதபடி யாரோ ஒரு இயந்திரத்தை ஓட்டிச் செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் மெருகேற்றிய பரப்புகளைத் தினமும் தொடுகிறவள் நான். இருந்தும் அந்தக் கடையில் வாயைத் திறந்தபடி நின்றேன்.

வீட்டில் மாட்டி வாசித்ததும் அந்த வியப்பு வடிந்தது. சுரம் 'தும்' என்று விழுந்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. பளபளப்பு கிடையாது, நீளம் கிடையாது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "ஏன் நிறுத்திட்ட?"

"நிறுத்தலம்மா. வாசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்படியா? எனக்கு ஒன்னும் கேக்கலயே."

திரும்ப மாட்டிவிடலாம் என்று பழைய கம்பியை எடுத்து வெளியே வைத்தேன். அப்போது என் வேலை ஞாபகம் வந்தது. ஓர் அழுத்தமானியை மேசைமேல் சும்மா வைத்து, சரியா தப்பா என்று நான் சொல்லமாட்டேன். அழுத்தம் கொடுத்துத்தான் சோதிப்பேன். இந்தக் கம்பி தாங்க வேண்டிய பாரம் அக்காவின் குரல். அது இல்லாமல் இந்தக் கம்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய கம்பியைத் திரும்ப உறைக்குள் போட்டேன்.

அந்த ஒரே ஒத்திகை, ஒரு சனிக்கிழமை மாலை, ஆளில்லாத தேவாலயத்தில். அக்கா பீடத்தின் பக்கம் போகவில்லை. முன்வரிசை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து போகிறவள் போல் உட்கார்ந்தாள். மைக் வேண்டாம் என்றாள்.

அங்கிள் துருத்தியை அசைத்து ஈ கீயைப் பிடித்தார். "ஆம்பள கீ லா இது," என்று வாய்விட்டவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதுக்கென்னா? நீங்க பொம்பள கீயில பாடுங்களேன்," என்றாள் அக்கா.

நான் அடிக்கம்பியை இடதுகையால் அழுத்தாமல் ஒருமுறை தட்டினேன். தும். அது தரையில் பரவி, அடங்கியது. அது அடங்கிய இடத்தில் அக்காவின் முதல் சொல் வந்தது.

எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. குரல் கூடவில்லை, உயரவில்லை. ஆனால் அதில் இருந்ததெல்லாம் கேட்டது. சொல்லுக்கு முன்னால் மூச்சு சேர்கிற சத்தம். சொல் முடியும்போது காற்றாகக் கரைகிற ஓரம். நடுவில், கரகரப்பும் ஆழமுமாக, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். மாதக்கணக்கில் அது அங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதன்மேல் சத்தத்தைக் கொட்டிக்கொண்டிருந்தோம். என் விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. பட்டைக் கம்பி அதை வெளியே காட்டிக்கொடுக்கவில்லை.

முதல் சரணம் முடிந்ததும் அக்கா நிறுத்தினாள். எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி."

பாடினோம்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறை கைப்பை மடியில் இல்லை. எழுந்து நின்றிருந்தாள்.

"கேக்குது," என்றாள் கடைசியில். "நல்லா இல்ல. ஆனா கேக்குது."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இல்லன்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். எனக்குத் தெரியாதா?" பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா அன்னைக்கு மாதிரி எல்லாரும் சேந்து பாடுனா அவ்ளோதான். உக்காந்துருவேன். அப்புறம் எந்திரிக்க மாட்டேன்."

"பாஸ்டர்கிட்ட சொல்லி அறிவிச்சிரலாமா?" என்றார் அங்கிள்.

"என்னான்னு? இவளுக்குத் தொண்டை போச்சு, யாரும் கூடப் பாடாதீங்கன்னா? வேணாம் அங்கிள்."

அதற்கு என்னிடம் கம்பி எதுவும் இல்லை.

பெரிய வெள்ளியன்று தேவாலயம் நிறைந்திருந்தது. பெண்கள் வெள்ளைச் சேலையில், ஆண்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. ஐந்தாம் வார்த்தைக்கு மணி இரண்டை நெருங்கிவிட்டது. அக்கா எழுந்து போய் நின்றாள். முதல் சரணம் ஒத்திகையில் போலவே வந்தது. பெஞ்சுகளில் அசைவு நின்றது.

இரண்டாம் சரணத்தில் ஒரு நீண்ட அடி. அதன் பாதியில் குரல் மெலிந்து, இரண்டாகப் பிரிந்து, நூலாகியது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவத் தாதி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். யார் தடுமாறினாலும் முதலில் பிடித்துக்கொள்கிறவர் அவர்தான். அவர் நிமிர்வதையும், மூச்சை இழுத்து வாயைத் திறப்பதையும் பார்த்தேன். பலமாக வாசித்து அக்காவைத் தாங்க வேண்டும்போல் என் கைக்கும் இருந்தது. வாசிக்கவில்லை. அடிக்கம்பியை மிக மெதுவாக ஒரே ஒருமுறை தொட்டு, விட்டுவிட்டேன். அங்கிளும் துருத்தியைத் தளர்த்தினார். கம்பியின் சத்தம் அடங்கியது.

அந்த அமைதியில் அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். கடைசி பெஞ்சுவரை அது கேட்டிருக்கும். அவள் விழவில்லை, இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஆன்ட்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. அவர் அதை மெல்ல மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

ஒருவரும் சேரவில்லை. அத்தனை பாடத் தெரிந்த தொண்டைகள், அத்தனையும் காத்திருந்தன. நூலாகப் போன குரல் அடுத்த அடியை எடுத்தது, அதற்கடுத்ததை எடுத்தது. தாகத்தைப் பற்றிய பாட்டு அது. வறண்ட குரலில் அதை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

ஆராதனை முடிந்ததும் வெளியே கூடாரத்தின்கீழ் வழக்கம்போல் பயற்றங்கஞ்சி ஊற்றினார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி திரும்பி, அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, இந்தப் பாட்டுல இவ்ளோ இருக்குன்னு இத்தனை வருசமா எனக்குத் தெரியவே இல்லயே?"

"நீங்க எங்க யாரையும் தடுமாற விட்டீங்க ஆன்ட்டி?"

ஆன்ட்டி அவள் தோளில் ஒரு அடி வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை டிரம்ஸ் உண்டா?"

"உண்டுக்கா. ஈஸ்டர் ஆச்சே."

தேங்காய்த் துவையலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"டிரம்ஸ் அடிக்கிறவரை மெதுவா அடிக்கச் சொல்லு," என்றாள்.