நெஞ்சுரத்துக்கு நான் சொன்ன பொருள்

தங்கம்மாள் அவர்கள் காலமாகிவிட்டார்கள். அந்தமானின் வடகோடி மாயாபந்தரிலிருந்து படகில் வந்த ஒருவர் இங்கே போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் என்னை நிறுத்திச் சொன்னபோது, அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. "கூட வேலை பாத்தவரு நீங்க, நாலு வார்த்தை எழுதுங்க" என்றார்கள் நண்பர்கள். எழுதக் கூசுகிறது.

அறுபதுகளில் நானும் தங்கம்மாள் அவர்களும் போர்ட் பிளேயரில் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். மெயின்லேண்டுக்குப் போகும் கப்பலில் யாருக்கு இடம் என்ற பட்டியலை நான் எழுதுவேன். அவர்கள் டைப் அடிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம். அதிகாரி கூப்பிட்டாலே முந்தானையில் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, வயிற்றில் கட்டியோடு கல்கத்தா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வங்காளி ஒருவரின் பெயரை அடித்துவிட்டு, தம் மைத்துனர் பெயரை எழுதச் சொன்னார் அதிகாரி. நான் உடனே கோடு போட்டு அடித்து, மைத்துனர் பெயரை எழுதிவிட்டேன். தங்கம்மாள் அவர்கள் அந்தத் தாளோடு போய் அவர் முன் நின்றார்கள்.

"சாப், யே ஆத்மி மர் ஜாயேகா. மே டைப் நஹீ கரூங்கி."

அந்த ஆள் செத்துப்போவார், டைப் அடிக்க மாட்டேன் என்கிறார்கள்! அதிகாரி என்னைப் பார்த்து, முதலில் அந்தப் பெயர் இருந்ததா என்றார். "யாத் நஹீ சாப்" என்றேன். நினைவில்லையாம் எனக்கு. அடித்த மை இன்னும் காயவில்லை.

அவர்கள் அந்த நோயாளியின் டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பெரிய அதிகாரியிடம் போனார்கள். வங்காளி கப்பலேறினார். சாத்தம் மர ஆலையில் வேலை பார்த்த கணவரைப் பிரிந்து மாயாபந்தருக்குப் போகும்படி தங்கம்மாள் அவர்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

அந்த வாரமே பொங்கல் விழா. 'நெஞ்சுரம்' என்ற சொல்லைப் பற்றி நான் கட்டுரை வாசித்தேன். போரில் புறங்காட்டாத வேந்தன், அரசவையில் அஞ்சாமல் பேசிய புலவன் என்று அடுக்கி, நடுக்கம் அறியாத மனமே நெஞ்சுரம் என்று முடித்தேன். ஏகப்பட்ட கைதட்டல். கூட்டம் கலைந்ததும் தங்கம்மாள் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

"நல்லா எழுதிருக்கிய அண்ணாச்சி. ஆனா அன்னைக்கு எனக்குக் கைகாலெல்லாம் வெடவெடன்னு ஆடிச்சு. அப்போ எனக்கு இருந்தது அது இல்ல, என்ன?"

குத்தலே இல்லை. எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார்கள். நான், தமிழறிந்தவன், தலையசைத்து, "அது வேற, தங்கம்மா" என்றேன். "சரி அண்ணாச்சி" என்று போய்விட்டார்கள்.

அதன்பின் ஒரு கடிதம் எழுதக்கூட எனக்கு முகமில்லை.

அம்மா, போய் வாருங்கள். நான் சொன்னது பொய். வெடவெடத்துக்கொண்டே எழுந்து நின்றீர்களே, அதற்குத்தான் அந்தப் பெயர். இதை உங்களிடம் சொல்லும் தைரியம், நீங்கள் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகுதான் எனக்கு வந்திருக்கிறது.