அரைப்படி கடலைக்காய்

பச்சைக் கடலைக்காயைச் செடியோடு பிடுங்கி உதறினால் ஈரமண்ணிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். பாலும் துருவும் கலந்த வாசம். சந்தையில் எந்தக் குவியலைத் தாண்டினாலும் ஊரே நாவூற நிற்க, எனக்கு மட்டும் நெஞ்சில் ஒரு பழைய எரிச்சல் ஊறும். பன்னிரண்டு வயதில் என் மாமன் மகள்மேல் நான் பட்ட பொறாமை அது. இன்னும் சூடு ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசி. ஓண லீவுக்கு அவள் எலப்புள்ளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பாலக்காட்டில் கான்வென்ட்டில் படிப்பவள். அதே சமயம் அண்ணனும் பத்து நாள் லீவில் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு கம்பெனியில் அவன் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது ஓர் அறை முழுக்க நிற்கும், குளிர் காற்று இல்லாவிட்டால் படுத்துவிடும் என்றான்.

"எங்கூட்டு எருமையவிடச் செல்லமா வளர்ந்திருக்கும் போல" என்றார் அப்பா.

அங்கே ஒரு காந்த டேப்பில் இருப்பதை இன்னொரு டேப்பில் நகல் எடுக்கப் பாதி நாள் பிடித்ததாம். அதை வெகு சீக்கிரம் முடிக்கும்படி ஒரு நிரல் எழுதிக்கொண்டு போனால் அண்ணனின் வேலை ஸ்திரமாகும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அசெம்பிளர் என்று ஒரு மொழி. எடு, வை, கூட்டு, தாவு என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கெஞ்சத் தெரியாது, கோபிக்கத் தெரியாது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் அதை அவன் எழுதுவதும் அழிப்பதுமாகக் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தான்.

எழுதியதை ஓட்டிப் பார்க்க எலப்புள்ளியில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? களத்தில் கடலைக்காய் குவிந்து கிடந்தது. இரண்டு கூடைகள்தான் டேப்புகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு முதலில் ஒவ்வொரு காயாகப் போடச் சொன்னான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "இப்ப அங்க இப்பிடித்தான் ஓடுது" என்று சிரித்தான். பிறகு ஒரு படியைக் கொண்டுவந்தான். காய்காயாகப் படியில் சேர வேண்டும், படி நிறைந்ததும் ஒரே கொட்டாக மறு கூடையில் கொட்ட வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் மறு கூடைவரை போய்வர வேண்டாம். அதுதான் அவன் கண்டுபிடித்த வேகம்.

"நாலு வருசம் படிக்க வெச்சது கள்ளக்காய இங்கிருந்து அங்க கொட்டறதுக்காடா?" என்றார் அப்பா.

தாளைப் பார்த்து வரிவரியாகச் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் கையை நீட்டினேன். தாளில் இருந்தது இங்கிலீஷ். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அண்ணன் தாளை மாமன் மகளிடம் கொடுத்தான். அவள் விரலை வரியின் கீழ் வைத்து வாசித்து, எடுத்து, நிரப்பி, கொட்டினாள். அத்தனை அழகாக. எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல். கூடை காலியானதும் "முடிஞ்சது" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டதும் அவள் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சரியாக நாலு படி அளந்து வைப்பான், நாலு படியும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். "கெட்டிக்காரி!" என்பான். அவளைத்தான். கத்துகிறவளை யார் மெச்சுவார்கள்?

அண்ணன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவனும் அவளும் தாளின்மேல் தலையை முட்டிக்கொண்டு என்னமோ பேசிச் சிரித்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன் அளந்து வைத்திருந்த கூடையிலிருந்து ஆத்திரத்தோடு இரண்டு கை அள்ளித் தின்றேன். அந்த நேரம் பார்த்து அப்பா பம்புசெட்டுக்கு அண்ணனைக் கூப்பிட்டார். "நீங்க ஓட்டிப் பாருங்க, வந்தர்றேன்" என்று போனான்.

ஒரு படி. இரண்டு. மூன்று. நாலாவது பாதி நிறைந்தபோது கூடை காலி. "முடிஞ்சது" என்றேன். அவள் தாளைப் பார்த்தாள். நிறைந்தால் கொட்டு என்றிருந்தது. முடிந்தால் நிறுத்து என்றிருந்தது. பாதி நிறைந்ததை என்ன செய்வதென்று ஒரு வரியும் இல்லை. நிறுத்திவிட்டாள். அரைப்படிக் கடலைக்காய் எந்தக் கூடைக்கும் சேராமல் அப்படியே நின்றது. சற்று நேரத்தில் அம்மா வந்து வேகவைக்க அதைக் கொண்டுபோய்விட்டாள்.

அண்ணன் கால் சேற்றோடு வந்தான். "சரியா வந்துதா?"

"தாள்ல இருக்கற மாதிரியே செஞ்சனுங் மாமா. ஒரு வரி தப்பலீங்" என்றாள். பொய்யில்லை.

என் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்றே?"

அந்த அரைப்படி என் தொண்டைவரை வந்தது. சொன்னால் அண்ணன் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொல்வான், இன்னொரு தடவை அவள் தாளை வாங்குவாள், இன்னொரு தடவை கெட்டிக்காரி ஆவாள். சொல்லாவிட்டால் பெங்களூரில் தப்பு வரும், அவள் ஒழுங்காக வாசிக்கவில்லை என்று ஆகும், அடுத்த லீவில் தாள் என் கைக்கு வரும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். எனக்குக் கொடுத்திருந்த ஒரே சொல்லையே அண்ணனிடம் திருப்பிச் சொன்னேன்.

"முடிஞ்சது."

மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். ஒரு மில்லின் ஆள் பட்டியலை நகல் எடுத்தபோது கடைசிச் சில பேர்கள் மட்டும் புது டேப்பில் ஏறவே இல்லையாம். அண்ணனுக்கு வேலை ஸ்திரமாகவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மாமன் மகள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். அங்கே இருந்தது என் அண்ணனின் தாள் மட்டுமே.

ஆனால் அவன் கிளம்பிய காலையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பஸ் வந்து நின்றது. போகிறபோது மாமன் மகளுக்குத் தன் பென்சிலைக் கொடுத்தான். எனக்குத் தலையில் ஒரு செல்லத் தட்டு. அந்தப் பென்சிலைப் பார்த்ததும் கண் பொங்கிவிட்டது. அவன் பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "அண்ணா" என்றேன். கண்டக்டர் மணிக்கயிற்றை இழுத்துவிட்டார். நகரும் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக் குனிந்து அண்ணன் சொன்னான்:

"அழுவாதே அம்மிணி. உன்ற வேலைய நீ சரியாத்தான் பண்ணுனே."