குரோட்டன் சாடிக்குப் பின்னால்

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் எனக்கு இரண்டு வேலைகள். கண்டி வீதியோரம் ஒரு ஸ்ரூடியோ வைத்திருந்தேன். மாற்றுவலுவுள்ளோர் சங்கமொன்றின் செயலாளராகவும் இருந்தேன். முதல் வேலைக்கு ஒரு கண் போதும். இரண்டாவதற்கு ஒரு கால் குறைய வேண்டும். இரண்டு தகுதியும் என்னிடம் இருந்தன. விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடியொன்று இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அப்போது என்னை நொண்டி என்றார்கள். பிறகு ஊனமுற்றவர், அதற்குப் பிறகு வலுவிழந்தவர், கடைசியில் மாற்றுவலுவுள்ளவர். ஒவ்வொரு பயிற்சிப் பட்டறையிலும் பெயர் ஒரு சாண் நீண்டது. கால்தான் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த நாள்களில் வன்னிக்குள் வந்த எந்த உதவியும் படம் எடுக்காமல் கைமாறியதில்லை. மண்வெட்டி, பொய்க்கால், கோழிக்குஞ்சு, எதுவானாலும் முறை ஒன்றுதான். கொடுப்பவர் ஒரு பக்கம் பிடிப்பார், வாங்குபவர் மறுபக்கம் பிடிப்பார், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். நான் “சரி” என்று சொல்லும்வரை கொடுப்பவர் பிடியை விடமாட்டார். கோழிக்குஞ்சுகளுக்கு மட்டும் இந்த ஒழுங்கு கடைசிவரை விளங்கவில்லை.

இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்த இரகசியம் ஒன்று உண்டு. கமரா வைத்திருப்பவன் சொன்னால் எவரும் கேட்பார்கள். செயலாளர் என்று கையெழுத்திட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு ஒருவரும் ஒரு வரி பதில் போட்டதில்லை. அதே ஆட்கள், நான் கமராவைத் தூக்கி “நாடியை இறக்குங்கோ” என்றால் முகவாயை இறக்கினார்கள். “இன்னும் கொஞ்சம் பின்னுக்கு” என்றால் வாய்க்காலுக்குள்ளும் இறங்கினார்கள். இந்த அதிகாரத்தை வைத்து நான் சாதித்தது என்ன என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

வட்டக்கச்சியில் ஒரு நிறுவனம் பெண்களுக்குத் தையல் பயிற்சி நிலையம் திறந்தது. பயிற்சி முடிந்தால் ஆளுக்கொரு மெசின். “எவரையும் விட்டுவிட மாட்டோம்” என்று வாசலில் பதாகை. அதற்குக் கீழே நாலு படி.

அப்படி விட்டுவிடாமல் சேர்த்த மாற்றுவலுவுள்ள ஆள் ஒருத்தர்தான். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த பெண். ஷெல் துண்டொன்று முதுகில் ஏறியதிலிருந்து சக்கர நாற்காலி. வட்டக்கச்சியில் தமக்கை வீட்டில் இருந்தார். கையால் சுற்றுகிற மெசின் ஒன்று அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“மெசின் கையில வந்தால், அக்கா வீட்டில இருந்து தின்னுறவள் எண்ட கதை முடிஞ்சிடும், அண்ணை” என்று திறப்புவிழா அன்று என்னிடம் சொன்னார்.

படிக்கு மேல் பலகைகளைச் சாய்த்து, செங்கல்லை முண்டுகொடுத்து, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நிறுவனத்தின் பணிப்பாளர் பின்னால் நின்று தள்ள, நாற்காலி மேலே ஏறியது. கமராவுக்குள் பார்த்தால் செங்கற்கள் பல்லைக் காட்டின. எனக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் அதிகம். பக்கத்தில் நின்ற குரோட்டன் செடிச் சாடியை நானே இழுத்துக்கொண்டு வந்து செங்கற்களை மறைத்து வைத்தேன். குந்தியிருந்து ஒரு படம். என்ன படம்! அந்தப் பாதை நூறு வருடம் நிற்கும் என்று எவரும் சத்தியம் பண்ணுவார்கள்.

நின்றது மூன்று மணித்தியாலம். மேடை போடுகிறவரிடம் வாங்கிய பலகைகள் அன்று பின்னேரமே ஜெயபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டன.

இரண்டு கிழமை கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பெண் ஸ்ரூடியோவுக்கு வந்தார். தமக்கையின் புருஷன் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து, வாசலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். திறப்புவிழாப் படத்தைப் பெரிதாக்கி நான் கண்ணாடிப் பெட்டிக்குள், மணமக்களுக்கு நடுவே மாட்டியிருந்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“அண்ணை, இந்தப் பாதை எங்க கிடக்குது?”

“நிலையத்திலதான். ஏன்?”

“அங்க இல்லை. உங்கட கமராவுக்குள்ள கிடக்குதோ எண்டு பாருங்கோ.”

அன்று காலை முதல் வகுப்பு. இரண்டு பேர் அவரைத் தூக்கி ஏற்ற வந்திருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார்.

“ஒரு நாளைக்குத் தூக்குவினம், ரெண்டு நாளைக்குத் தூக்குவினம். பிறகு நான் ஒண்டுக்குப் போறதுக்கும் ஆரையும் கைதட்டிக் கூப்பிடுறதே? நான் நெல்லு மூட்டையே, அண்ணை?”

“பணிப்பாளர் என்ன சொன்னவர்?”

“அடுத்த முறை பாப்பமாம். இந்தக் கிழமைக்குள்ள வகுப்புக்கு வராட்டி இடம் வேற ஆளுக்காம். நான் பாதை இல்லை எண்டன். அறிக்கையில இருக்குது எண்டார். உங்கட படத்தை எடுத்துக் காட்டினார்.”

எனக்கு இல்லாத கால் அரித்தது. வெட்கம் வந்தால் அது அப்படித்தான். பாதை கேட்டுச் சங்கத்தின் பெயரில் மூன்று கடிதம் எழுதியவன் நான். பாதை இருக்கிறது என்று ஒரே படத்தில் நிரூபித்தவனும் நான். பொய்க்காலோடு அந்தப் படியில் ஏறி இறங்கிப் படம் எடுத்தபோது, படி எனக்கு இடைஞ்சலாகக்கூடத் தெரியவில்லை.

“வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலயிருந்து ஒரு அம்மா நிலையம் பாக்க வாறா. என்னைத்தான் படத்துக்குக் கூப்பிட்டிருக்கினம்” என்றேன். “உங்கட கதிரையை எனக்கு ஒரு அரை மணித்தியாலம் தருவியளோ?”

“தாறன். கீறல் விழாமல் திருப்பித் தரவேணும்.”

வெள்ளிக்கிழமை பணிப்பாளர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு படியடியில் நின்றார். அந்தப் பெண் வேம்புக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். அவருடைய நாற்காலியை நான் படிக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன்.

“ஐயா, கதிரை குடுக்கிற படம் எல்லா நிறுவனமும் எடுத்திட்டுது. நீங்களே அதில இருந்து, அவையின்ர கஸ்ரத்தை உணருற மாதிரி ஒரு படம் எடுத்தால், வருட அறிக்கையின்ர அட்டைக்குப் போகும்” என்றேன்.

அட்டை என்றதும் அவர் நாற்காலியில் ஏறி இருந்துவிட்டார். முகத்தைக் கஸ்ரமாக வைத்துக்கொண்டார். நான் நாடியை இறக்கச் சொன்னேன், ஏற்றச் சொன்னேன், தூரத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு படச்சுருளைக் கழற்றி மாட்டத் தொடங்கினேன்.

“எழும்பாதேங்கோ ஐயா, வெளிச்சம் மாறிப் போகும்.”

அப்போதுதான் வாகனம் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மா நேரே பணிப்பாளரிடம் போய், குனிந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் உரத்து எதையோ சொன்னார். தோளில் தட்டினார். பணிப்பாளர் பாதி எழும்பி என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன், இருந்தார். பழக்கதோஷம்.

அந்த அம்மா படியேறி மேலே போனார். மேலே நின்று திரும்பி, வாங்கோ என்று சிரித்த முகத்துடன் கையசைத்தார். பணிப்பாளர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஏறுவதற்கு வழி இல்லை. எழும்பினார். விறுவிறென்று நாலு படியும் ஏறினார். மேலே நின்றவரின் வாய் திறந்தபடி நின்றது.

வேம்படியிலிருந்து குரல் வந்தது. “மடு மாதாவே! ஐயா உன்ர கோயிலுக்கு நேர்த்தி வைக்காமலே எழும்பி நடக்கிறார்!”

தையல் பிள்ளைகள் துணியை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேம்படியில் இருந்தவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்க, மொழிபெயர்க்க வந்த பெண் ஒரு சொல்லும் விடாமல் சொல்லிவிட்டார். அடுத்த கேள்வி நேராக வந்தது: அப்படியானால் நாற்காலிக்குரியவர் எப்படி மேலே வருவார்? கையிலிருந்த அறிக்கையை விரித்து என் படத்தைத் தூக்கிப் பிடித்து, வாசலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டிலும் இருந்தது குரோட்டன் சாடி மட்டும்தான்.

“படம் ஆர் எடுத்தது?”

“நான்தான்” என்றேன். “சாடி வைச்சதும் நான்தான்.” இவ்வளவு தெளிவாக என் கலையை நான் எங்கும் விளக்கியதில்லை.

வெறும் நாற்காலி படியடியில் நிற்க, வெள்ளைச் சேட்டு மேலே பறக்கும் படத்தை எடுத்திருந்தேன். வவுனியாவுக்கு அனுப்பிக் கழுவி வந்தபோது, என் வாழ்நாளின் நல்ல படம் அதுதான் என்று தெரிந்தது. அட்டைக்கு அதை எவரும் கேட்கவில்லை. கடைசிச் சண்டையில் நெகட்டிவ் பெட்டியை உடையார்கட்டு வரை தோளில் காவினேன். அதற்கு அங்கால் பெட்டிக்குத் தோள் இல்லை; காவ வேண்டிய, உயிரோடு இருந்த சனமே கூடிப்போயிற்று.

அந்த நிறுவனத்தின் வேலை அந்த வெள்ளிக்கிழமையோடு எனக்கு முடிந்தது. ஆனால் வகுப்பில் அந்தப் பெண்ணுடைய இடத்தை வைத்திருந்தார்கள். அடுத்த கிழமையே சீமெந்துப் பாதை எழும்பியது. மேசன் ஆசையோடு அதைக் கண்ணாடிபோல் இழைத்திருந்தார். அந்தப் பெண் வகுப்புக்குப் போன முதல் நாள், தானே சில்லை உருட்டி மேலே வருகிறதை எடுக்க வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். நான் பாதையின் உச்சியில் நின்று, அவரைக் கமராவுக்குள் பிடித்தபடி ஒரு அடி முன்னுக்கு வைத்தேன்.

பொய்க்காலுக்குக் கணுக்கால் மடங்காது. படி என்றால் தூக்கி வைக்கலாம், சரிவு என்றால் அது தன் பாட்டில் போகும். சங்கத்தில் ஒரு காலோடு இத்தனை பேர் இருந்தும், மூன்று கடிதத்திலும் நான் கைபிடி என்று ஒரு சொல் எழுதவில்லை. கமராவை உயரத் தூக்கிக்கொண்டு இருந்த இருப்பில் சறுக்கி வந்து, அவருடைய சில்லுக்குப் பக்கத்தில், குரோட்டன் சாடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்கு.

அவர் முதலில் என் கையிலிருந்த கமராவைத்தான் வாங்கினார்.

“எழும்பாதேங்கோ அண்ணை, வெளிச்சம் மாறிப் போகும்.”

எழும்பவில்லை. நாடியையும் இறக்கினேன். கைபிடி கேட்டு நான் எழுதிய நாலாவது கடிதத்தோடு அந்தப் படத்தையும் வைத்து அனுப்பினோம். படத்துக்குக் கீழே “பயனாளி” என்று அவர்தான் எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது.